கமக்காரர் மனை

அரசரின் வரலாற்றைக் கோட்டையும் கொத்தளமும் உரைக்கும். குடிமக்களின் வரலாற்றை உரைப்பவை அவர்கள் உண்டு, உறங்கி, உழைத்த வீடுகளே. ஏடுகளில் இடம்பெறாத எளிய மாந்தர் எவ்வாறு வாழ்ந்தனர், எதற்கு அஞ்சினர், எதனை விரும்பினர் என்பவற்றை ஒரு வாயிலின் அகலமும் ஓர் அடுப்பின் இடமும் காட்டிவிடும். ஐக்கிய அமெரிக்க நாட்டுக் கமக்காரர் மனையின் வரலாறு இவ்வுண்மைக்குச் சிறந்ததோர் எடுத்துக்காட்டாகும். உழவுத் தொழிலின் தேவைகளால் உருப்பெற்ற அம்மனை, காலப்போக்கில் ஏரையே தொட்டறியாத நகரத்தவரும் விரும்பிக் கட்டுவிக்கும் மனையாயிற்று. கமம் மறைய, கமக்காரர் மனை மட்டும் நிலைத்த இவ்விந்தை எவ்வாறு நிகழ்ந்தது? இம்மாற்றத்தில் மக்கள் பெற்றது யாது? இழந்தது யாது?

பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அத்திலாந்திக் கடலைக் கடந்து சென்று, இன்று நியூ இங்கிலாந்து எனப்படும் வடகிழக்குப் பகுதியிற் குடியேறிய ஆங்கிலேயர், தம் தாயகத்தில் தாம் அறிந்திருந்த மரச்சட்ட வீட்டையே அங்கும் அமைத்தனர். மசச்சூசெற்சு மாநிலத்து டெடம் என்னும் ஊரில் அத்தகைய வீடொன்று இன்றும் நிற்கின்றது. யொனதன் பெயர்பாங்ஸ் என்பவரின் குடும்பத்துக்கென 1637 ஆம் ஆண்டுக்கும் 1641 ஆம் ஆண்டுக்கும் இடையிற் கட்டப்பெற்றது அது. வட அமெரிக்காவில் எஞ்சியுள்ள மரச்சட்ட வீடுகளுள் அதுவே மிகப் பழையது. அவ்வீட்டின் நடுவே பெரியதொரு புகைபோக்கி. அதன் இருபுறமும் இரண்டு அறைகள். அந்நாட்டின் கடுங்குளிருக்கு அஞ்சிய மக்கள் நெருப்பை நடுவில் வைத்து, வாழ்க்கையை அதனைச் சுற்றி அமைத்துக்கொண்டனர். பின்னர் குடும்பம் பெருகியபோது வீட்டின் பின்புறத்திற் பத்தி இறக்கினர். பின்வந்தோர் பக்கங்களிலும் அறைகளைச் சேர்த்தனர். எட்டுத் தலைமுறையினர் அங்கு வாழ்ந்தனர். முழு வீட்டையும் ஒரே வேளையில் வரைந்தவர் எவருமிலர். தேவை வரைந்தது, தச்சர் செய்துகொடுத்தனர்.

நியூ இங்கிலாந்தின் வடபாகத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டில், இம்முறை இன்னும் விரிவடைந்தது. மெயின், நியூ காம்சயர் ஆகிய மாநிலங்களிற் பல கமக்காரர் வாழும் வீட்டையும், அடுக்களைக் கட்டையும், விறகும் வண்டியும் வைக்கும் கொட்டிலையும், மாட்டுத் தொழுவத்தோடு கூடிய களஞ்சியத்தையும் ஒன்றோடொன்று தொடுத்து ஒரே நீண்ட கட்டடமாக்கினர். மாரிக்காலத்துப் பனியில் இறங்காமலே அடுப்படியிலிருந்து பசுவிடம் செல்ல வழி கிடைத்தது. பாலைத் தயிராக்குதலும், நூல் நூற்றலும், கருவி திருத்துதலுமாகிய சிறு கைத்தொழில்களுக்கு இடையிலிருந்த கட்டுக்கள் இடமளித்தன. தெருவிலிருந்து நோக்குவார்க்கு அது அழகிய வரிசை. அங்கு வாழ்ந்தார்க்கோ ஒரு நாளின் வேலை ஒழுங்கு.

தென்மாநிலங்களின் நிலை வேறு. அங்கு வெப்பமே பகை. ஆதலின் அடுக்களையைத் தனியே விலக்கிக் கட்டினர். இரண்டு அறைகளுக்கிடையே காற்றோடும் திறந்த வழி விட்டு மேலே ஒரே கூரை போட்டனர். முன்புறத்தில் நிழல் தரும் விறாந்தை வைத்தனர். ஆயினும் பெருந்தோட்டங்களில் தூண்கள் நிரையாக நின்ற மாளிகைகளுக்குப் பின்னால் அடிமைகளின் சிறு குடில்கள் நின்றன என்பதை மறத்தலாகாது. அம்மாளிகைகளின் குளிர்ந்த நிழல் பிறர் வெயிலில் உழைத்ததாற் கிடைத்த நிழல். வீட்டின் வடிவைப் புகழும்போது அதனைத் தாங்கிய கைகள் எவருடையவை என்று வினவுதல் வரலாற்று மாணவரின் கடமையாகும்.

இவ்வாறு வழக்கத்தின் வழியே வளர்ந்த வீட்டுக் கலைக்கு நூல்வழி வந்து சேர்ந்தது. 1797 ஆம் ஆண்டில் ஆசர் பெஞ்சமின் என்னும் தச்சர் நாட்டுப்புறக் கட்டடத் தொழிலாளருக்கென நூலொன்றை வெளியிட்டார். அவரும் அவர்போன்ற பிறரும் வரைந்த படங்களைப் பார்த்து ஊர்த்தச்சர் தூணும் நிலையும் செய்யக் கற்றனர். 1820 ஆம் ஆண்டையடுத்த காலத்தில் கிரேக்கக் கோவில்களின் வடிவம் நாகரிகமாயிற்று. புதிய குடியரசு தன்னைப் பண்டைய ஏதென்சின் வாரிசு என எண்ணிப் பெருமிதங்கொண்ட காலம் அது. சோளமும் கோதுமையும் விளைவித்த எளிய கமக்காரரும் தம் வீட்டின் முகப்பை மரத்தூண்களால் அலங்கரித்து, சலவைக்கல் போலத் தோன்றுமாறு வெண்ணிறம் பூசுவித்தனர்.

இவ்வழக்கத்தை எதிர்த்து எழுந்தவர் அண்ட்ரூ யாக்சன் டௌனிங் ஆவர். 1815 ஆம் ஆண்டில், நியூ யோர்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றங்கரையிலுள்ள நியூபேர்க் என்னும் ஊரில் அவர் பிறந்தார். தந்தையார் மரக்கன்று வளர்த்து விற்றவர். டௌனிங் கல்லூரியிற் பயின்றவரல்லர்; கட்டடக்கலையை முறையாகக் கற்றவருமல்லர். மண்ணையும் மரத்தையும் நிழலையும் தந்தையாரின் தோட்டத்தில் அறிந்துகொண்டார். 1841 ஆம் ஆண்டில், தமது இருபத்தைந்தாவது வயதில், தோட்ட அமைப்பைப் பற்றி அவர் எழுதிய நூல் நாடெங்கும் அவர் பெயரைப் பரப்பியது. அடுத்த ஆண்டிற் சிறு வீடுகளைப் பற்றிய நூல் வெளிவந்தது. 1846 ஆம் ஆண்டில் தோட்டக்கலைத் திங்களிதழொன்றின் ஆசிரியரானார். 1850 ஆம் ஆண்டில் வெளியான நாட்டுப்புற வீடுகளின் கட்டடக்கலை பற்றிய பெருநூல் அவர் புகழின் முடியாக அமைந்தது. அலெக்சாண்டர் யாக்சன் டேவிஸ் என்னும் கட்டடக் கலைஞர் அவர் கருத்துக்களுக்கேற்பப் படங்கள் வரைந்து துணைபுரிந்தார்.

டௌனிங்கின் கொள்கையை ஒரு சொல்லில் அடக்கிக் கூறின், அது வாய்மை என்பதாகும். வீடு தன்னிடம் வாழ்வார் யார் என்பதை ஒளியாது கூறவேண்டும். மரம் மரமாகவே தோன்றல் வேண்டும், கல்லென நடித்தலாகாது. வீடு கோவிலென நடித்தலும் ஆகாது. நாட்டுப்புற வீடுகளைச் சிறுவீடு, கமக்காரர் வீடு, செல்வர் மனை என மூவகையாக அவர் வகுத்தார். கமக்காரர் வீடு செல்வர் மனையின் சிறிய போலியாக இருத்தல் அவருக்கு உடன்பாடன்று. உழவர் எளிமையும் உறுதியும் விருந்தோம்பும் இயல்பும் உடையவர். அவர் வீடும் தாழ்ந்து அகன்று, திண்ணிய மரங்களோடு, தன் நிலத்தில் நன்றாக ஊன்றி நிற்கவேண்டும் என்பது அவர் கருத்து.

சுவர்ப் பலகைகளைக் கிடையாக அடிக்கும் வழக்கத்தை விடுத்து நிலைக்குத்தாக அடித்து, இரு பலகைகள் கூடும் இடத்தை ஒடுங்கிய சட்டத்தால் மூடும் முறையை அவர் பரிந்துரைத்தார். வீட்டைத் தாங்கும் பெருமரங்கள் நிலைக்குத்தாகவே நிற்கின்றன. ஆதலின் வெளித்தோற்றமும் அதனையே கூறுதல் தகும் என்பது அவர் வாதம். கண்ணைக் கூசச் செய்யும் வெண்ணிறத்தை அவர் அறவே வெறுத்தார். பசும்புல்லுக்கும் மரங்களுக்கும் நடுவில் வெள்ளை வீடு பொருந்தாது என்று கருதி, மண், கல், வைக்கோல் ஆகியவற்றின் நிறங்களைத் தழுவிய மென்னிறங்களைத் தம் நூலில் வண்ணம் தீட்டியே காட்டினார்.

டௌனிங் பெரிதும் போற்றிய மற்றொன்று விறாந்தையாகும். அமெரிக்கக் கோடையின் வெயிலுக்கு அதுவே மருந்து என்றார். இச்சொல்லின் பயணம் இலங்கை மக்களுக்கும் சுவை தரும். ஆங்கிலேயர் இந்தியாவிற் கற்றுத் தம் மொழியிற் சேர்த்துக்கொண்ட சொல் அது. போர்த்துக்கேயர் வாயிலாக யாழ்ப்பாணத் தமிழிலும் அதுவே விறாந்தையாக வழங்குகின்றது. கீழைநாட்டு வெயிலுக்கெனப் பிறந்த ஒன்று, ஹட்சன் ஆற்றங்கரைக் கமக்காரரும் மாலைவேளையில் அமர்ந்து இளைப்பாறும் இடமாயிற்று.

1852 ஆம் ஆண்டு ஜூலை மாதம் 28 ஆம் நாள், ஹட்சன் ஆற்றில் நியூ யோர்க் நகரை நோக்கிச் சென்ற கென்றி கிளே என்னும் நீராவிக் கப்பலில் டௌனிங் குடும்பத்தாரோடு பயணஞ் செய்தார். அக்கப்பல் மற்றொரு கப்பலோடு போட்டியிட்டு ஓடியது. வழியிற் றீப்பற்றியது. ஏறத்தாழ எண்பதின்மர் மாண்டனர். நீரில் வீழ்ந்தோர் பற்றி மிதக்கும்பொருட்டு டௌனிங் கதிரைகளை எடுத்து எறிந்துகொண்டு நின்றாரெனத் தப்பியோர் கூறினர். அவர் தப்பவில்லை. வயது முப்பத்தாறே.

டௌனிங்கின் அறிவுரை சிறந்ததாயினும், அது கமக்காரரை முழுமையாகச் சென்றடைந்ததெனக் கூறுதற்கில்லை. அவர் நூல்களை வாங்கிப் படித்தோரிற் பலர் வணிகரும் வழக்கறிஞரும் பிற வசதியுடையோரும் ஆவர். அழகைப் பற்றி நூல் மிகுதியாகப் பேசிற்று. கமத்தில் வாழ்ந்த பெண்ணின் காலடிகளை எண்ணிப் பார்த்தது குறைவு. இக்குறையை நிறைவுசெய்தோர் இருவகையினர்.

முதல் வகையினர் கமக்காரரே. 1830 ஆம் ஆண்டுக்குப் பின் பெருகிய வேளாண்மை இதழ்கள் வாசகர் தாமே வரைந்த வீட்டுப் படங்களைக் கேட்டுப் பெற்று வெளியிட்டன. உழவரும் அவர்தம் மனைவியரும் படங்களை அனுப்பினர். கிணற்றுக்கும் அடுப்புக்கும் இடையிலுள்ள தூரம், பால் வைக்கும் அறை எத்திசை நோக்கவேண்டும் என்பது, சமைப்பவள் முற்றத்திலுள்ள குழந்தையைக் காணும்படி சாளரம் எங்கே இருக்கவேண்டும் என்பது ஆகியனவே அவர்கள் கவலை. 1852 ஆம் ஆண்டில், பசு வளர்ப்பிற் பெயர்பெற்ற லூயிஸ் அலன் என்பவரும் கமக்காரருக்கெனவே வீட்டு நூலொன்றை வெளியிட்டார். வீட்டோடு தொழுவமும் பால் அறையும் தேனீப் பெட்டியும் அதில் இடம்பெற்றன.

இரண்டாம் வகையில் முதன்மையானவர் கத்தரின் பீச்சர் அம்மையார். அவர் ஆசிரியை. 1823 ஆம் ஆண்டில் காட்போட் நகரிற் பெண்களுக்கான கல்விக்கூடமொன்றை நிறுவியவர். 1841 ஆம் ஆண்டில் இல்லற நடைமுறை பற்றி அவர் எழுதிய நூலில் வீட்டுப் படங்களையும் சேர்த்தார். 1869 ஆம் ஆண்டில், அடிமை முறையைக் கண்டித்துப் புதினம் எழுதி உலகப்புகழ் பெற்ற தம் தங்கையார் கரியற் பீச்சர் சுதோவுடன் இணைந்து மற்றுமொரு நூலை வெளியிட்டார். கப்பலின் சமையலறையை அந்நூல் எடுத்துக்காட்டாகக் கொண்டது. கடலிற் செல்லும் கப்பலில் மிகச் சிறிய அறையொன்றில் நின்று ஒருவர் பலருக்கு உணவு சமைக்கின்றார். வேண்டிய பொருள் யாவும் ஓரிரண்டு அடிக்குள் கைக்கெட்டுகின்றன. வீட்டிலோ பெண்கள் மாப்பெட்டி ஓரிடத்தும், தண்ணீர் வேறிடத்தும், அடுப்பு பிறிதோரிடத்துமாக நாள் முழுதும் நடந்து களைக்கின்றனர். இதற்கு மாற்றாக, மா முதலியன வைக்கும் பெட்டிகள் வேலைப்பலகையின் கீழே அமைந்து, சாளர ஒளி மேலே விழ, தண்ணீர்ப் பம்பு அருகில் நிற்க, அடுப்பின் வெப்பத்தை நகரும் கதவுகள் தடுக்குமாறு ஓர் அடுக்களையை அவர்கள் வரைந்து காட்டினர். இன்று உலகெங்கும் வழங்கும் ஒழுங்கான சமையலறைக்கு முன்னோடிகளுள் ஒன்று அதுவாகும். வீட்டை வரைவதற்கு முன் அதில் உழைப்பவளைப் பார்க்கவேண்டும் என்பதே பீச்சர் அம்மையார் கற்பித்த பாடம்.

இதனிடையே வீடு கட்டும் முறையும் மாறிவிட்டது. பழைய முறையிற் பெருமரங்களைத் துளையிட்டு, மற்ற மரத்தின் முனையைச் செதுக்கிச் செருகிப் பூட்டவேண்டும். கைதேர்ந்த தச்சரும், மரச்சட்டத்தைத் தூக்கி நிறுத்த ஊராரும் வேண்டும். 1830 ஆம் ஆண்டையடுத்துச் சிக்காகோ நகரிற் பரவிய புதிய முறையில், ஆலையில் அரிந்த மெல்லிய மரங்களை நெருக்கமாக நிறுத்தி ஆணியால் அறைந்தாற் போதுமாயிற்று. பலூன் சட்டகம் என அது பெயர்பெற்றது. இயந்திரத்தாற் செய்த ஆணி மலிவாகக் கிடைத்தமையும், புகையிரதம் மரத்தைத் தொலைவிடங்களுக்குக் கொண்டு சென்றமையும் இதற்குத் துணையாயின. 1862 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஐந்தாண்டு தங்கிப் பயிர்செய்வார்க்கு 160 ஏக்கர் நிலம் வழங்கப்பட்டபோது, மரமற்ற புல்வெளிகளிற் குடியேறியோர் முதலிற் புற்கட்டிகளை வெட்டி அடுக்கிய மண்வீடுகளில் வாழ்ந்தனர். புகையிரதப் பாதை வந்த பின் பலகை வீடு கட்டினர்.

அதே புகையிரதம் நகரத்தவரை நாட்டுப்புறத்துக்கும் கொண்டுவந்தது. தொழிற்சாலைப் புகையும் நெரிசலும் நிறைந்த நகரிற் பகலில் உழைத்து, மாலையில் மரங்களுக்கிடையே உள்ள வீட்டுக்குத் திரும்பும் வாழ்க்கை பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் றொடங்கிற்று. டௌனிங் இங்கிலாந்திலிருந்து அழைத்துவந்த கல்வேட் வோ என்னும் கலைஞரும், அவர் பங்காளரான பிரெடரிக் ஓம்ஸ்ரெட்டும் 1869 ஆம் ஆண்டிற் சிக்காகோவுக்கு அணித்தாக ரிவர்சைட் என்னும் புறநகரை வரைந்தனர். அங்கு வளைந்த தெருக்கள், தெருவிலிருந்து விலகிய வீடுகள், விறாந்தைகள், புற்றரைகள் எல்லாம் இருந்தன. உழவு மட்டும் இல்லை. தொழுவம் இல்லாத இடத்திற் பால் அறை எதற்கு? களஞ்சியம் இல்லாத இடத்திற் பின்வாயில் ஏன் அகலவேண்டும்? வடிவு தங்கியது, அதனைப் பிறப்பித்த காரணம் நீங்கியது.

இருபதாம் நூற்றாண்டில் இம்மாற்றம் விரைந்தது. சியேர்ஸ் என்னும் வணிக நிறுவனம் 1908 ஆம் ஆண்டு முதல் 1940 ஆம் ஆண்டு வரை வீடுகளையே அஞ்சற் பட்டியல் வழியாக விற்றது. வாங்குவோர் ஒரு படத்தைத் தெரிந்து பணம் அனுப்பினால், மரமும் ஆணியும் வண்ணமும் புகையிரதப் பெட்டியில் வந்திறங்கும். இவ்வாறு எழுபதினாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் விற்கப்பட்டன என மதிப்பிடுவர். வாங்குவோர் விரும்பின் அறையை மாற்றவும், சாளரத்தைக் கூட்டவும், தம் கருத்துப்படி படம் வரைவிக்கவும் அந்நிறுவனம் இடங்கொடுத்தது.

அக்காலத்தில் உண்மையான கமக்காரர் மனையின் நிலை யாது? 1930களின் நடுப்பகுதியில், அந்நாட்டுக் கமங்களுட் பத்தில் ஏறத்தாழ ஒன்றுக்கே மின்சாரம் இருந்தது. நகரிலே பொத்தானை அழுத்தி விளக்கேற்றினர்; கமத்திலோ பெண்கள் மண்ணெண்ணெய் விளக்கின் கீழ் வேலைசெய்து, கிணற்றுநீரைச் சுமந்து, துணியைக் கையால் தோய்த்தனர். ஓவியத்திற் காணும் வெள்ளை வீட்டின் அமைதிக்குள் இவ்வளவு சுமை அடங்கியிருந்தது. 1935 ஆம் ஆண்டில் நாட்டுப்புற மின்மய நிறுவனம் தோன்றிக் கூட்டுறவுச் சங்கங்களுக்குக் கடன் வழங்கிற்று. 1950களின் நடுப்பகுதிக்குள் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்ட கமங்கள் மின்னொளி பெற்றன. எந்த அலங்காரமும் செய்யாத நன்மையை ஒரு மின்கம்பியும் ஒரு நீர்ப்பம்பும் அம்மனைகளுக்குச் செய்தன.

மேற்குக் கரையில் மற்றொரு மரபு மலர்ந்தது. ஸ்பானியரும் மெக்சிக்கரும் ஆண்ட காலத்துக் கலிபோர்னியக் கால்நடைப் பண்ணைகளில், வெயிலில் உலர்த்திய மண்கல்லால் தாழ்ந்த வீடுகள் கட்டி, நடுவே முற்றமும் அதனைச் சுற்றி நிழல்வழியும் வைத்திருந்தனர். கிளிப் மே என்பவர் 1930களின் தொடக்கத்திற் சான் டியேகோ நகரில் அவ்வடிவைத் தழுவிப் புதிய வீடுகளை வரைந்தார். இரண்டாம் உலகப்போருக்குப் பின் அவ்வகை வீடு புறநகரெங்கும் பரவிற்று. ஆயினும் மலிவாகப் பெருந்தொகையிற் கட்டியோர் பெரும்பாலும் முற்றத்தை விட்டுவிட்டனர். தாழ்ந்த கூரையை மட்டும் எடுத்துக்கொண்டனர்.

இன்று அந்நாட்டில் உழைப்போர் நூற்றுவரில் உழவுத்தொழில் செய்வோர் இருவருக்கும் குறைவு. எனினும் 2010 ஆம் ஆண்டுக்குப் பின், புறநகர்களிற் கமக்காரர் மனையின் பாணியில் வீடு கட்டுவிக்கும் ஆசை மிகப் பெருகியது. தகரக் கூரை, அகன்ற விறாந்தை, கறுப்புச் சாளரச் சட்டங்கள், நிலைக்குத்தாக அடித்த பலகைகள் என்பன அதன் அடையாளங்கள். அப்பலகைகளுக்குப் பூசப்படும் நிறம் பெரும்பாலும் தூய வெள்ளை. டௌனிங் பரிந்துரைத்த பலகைக்கு டௌனிங் வெறுத்த நிறம்! பலகைக்கு அவர் கூறிய காரணம் மறக்கப்பட்டது. தோற்றம் மட்டும் எஞ்சியது.

இதனை எள்ளி நகைத்தல் எளிது. ஆயினும் நகரத்தவரின் அவ்வாசையினுள் உண்மையான ஏக்கமொன்றும் உண்டு. நிலத்தோடு தொடர்பு, குடும்பம் கூடியிருக்கும் பெரிய அடுக்களை, அயலாரைக் கண்டு அழைக்கும் திண்ணை ஆகியவற்றை அவர்கள் தேடுகின்றனர். தேடுவது தவறன்று. பலகையையும் நிறத்தையும் வாங்கினால் அவையும் உடன் வந்துவிடும் என எண்ணுதலே தவறு.

இவ்வரலாறு அமெரிக்கருக்கு மட்டும் உரியதன்று. யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டின் நடுமுற்றம் ஒளியும் காற்றும் மழைநீரும் வீட்டினுள் வரவும், நெல்லும் ஒடியலும் காயவும், மணவறை அமையவும் பிறந்தது. அதனைப் புதிதாகக் கட்ட விரும்புவோர், தம் வீட்டில் அம்முற்றம் இனி எப்பணி செய்யும் என்பதை முதலில் வினவிக்கொள்ளுதல் நன்று. பணியிருப்பின் அது வீட்டின் உயிர். இல்லையேல் பெருக்குவார்க்கு வேலை.

தச்சரை அழைக்குமுன், படம் வரைவோரிடம் செல்லுமுன், வெயில் எங்கிருந்து வருகின்றது, காற்று எங்கே நுழைகின்றது, தண்ணீர் எத்துணைத் தொலைவில் உள்ளது, அடுப்படியில் நிற்பவர் நாளொன்றுக்கு எத்தனை முறை நடக்கின்றார் என்னும் நான்கையும் ஒருவர் எண்ணிப் பார்ப்பாராயின், அவர் வீட்டின் பாதி வரைந்தாயிற்று. டெடம் ஊர்க் கமக்காரர் எந்நூலையும் பார்த்து வீடு கட்டவில்லை. அவர் குளிரைப் பார்த்தார். நெருப்பை நடுவில் வைத்தார். ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் கழிந்தும் அவ்வீடு நிற்கின்றது.